ஊர் நிருபரின் தடத்தைக் கொழும்பில் தேடுவது எப்படி?

“எங்கட அப்பப்பா அந்தக் காலத்து வீரகேசரி ரிப்போர்ட்டர்” என்று சொல்ல வெள்ளவத்தையில் ஒவ்வொரு மாடிக் கட்டடத்திலும் ஒருவராவது இருப்பார். சரி, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, எந்த ஊரிலிருந்து எழுதினார் என்று கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். வீட்டில் ஒரு கட்டிங்கூட இருக்காது. இடம்பெயர்ந்ததில் தவறியிருக்கும், கறையான் தின்றிருக்கும், அல்லது 1983 கலவரத்தில் வீட்டோடு எரிந்திருக்கும்.

அப்படி ஒருவரைத் தேடத் தொடங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர் மாத்தளை, பதுளை, மன்னார், மட்டக்களப்பு என்று ஏதோ ஓர் ஊரில் இருந்துகொண்டு கொழும்புப் பத்திரிகைக்குச் செய்தி அனுப்பியவராக இருக்கலாம். அல்லது ஊரிலேயே ஒரு கை அச்சு இயந்திரத்தை வைத்து நாலு பக்கப் பத்திரிகை நடத்தியவராக இருக்கலாம். அவர் வாழ்ந்தது ஊரில்தான். ஆனால் அவர் எழுதியது பெரும்பாலும் கொழும்பில்தான் அச்சானது. அச்சானதைச் சட்டப்படி சேர்த்து வைத்திருப்பதும் கொழும்பில்தான். ஆகவே, ஊருக்குப் பஸ் ஏறும் முன் செய்யக்கூடிய வேலை இங்கேயே நிறைய இருக்கிறது.

ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய தமிழ்ப் பத்திரிகைக் கட்டுகளில் பெயரை வைத்துத் தேட முடியாது, தேதியை வைத்துத்தான் தேட முடியும். எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் என்று காட்டும் சுட்டி அவற்றுக்குக் கிடையாது. நாளிதழ் என்றால் ஆண்டுக்கு முந்நூறு இதழுக்கு மேல். அதைவிட, ஊர் நிருபரின் பெயரைப் பத்திரிகை போடுவதே அபூர்வம். “மாத்தளை, வெள்ளி” என்று தொடங்கி “(எமது நிருபர்)” என்று அடைப்புக்குள் முடித்துவிடுவார்கள். பெயரைத் தேடிக்கொண்டு கட்டைப் பிரித்தால் ஒரு வாரத்தில் வெறுத்துப்போகும். அதனால் குடும்பப் பதிவுகளிலிருந்து முதலில் தேதிகளைப் பிடிக்க வேண்டும். அந்தத் தேதிகளோடுதான் பத்திரிகைப் பக்கம் போக வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் வேலை ஓடாது.

வீட்டிலிருந்து

வயதானவர்களிடம் “தாத்தாவைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று பொதுவாகக் கேட்டால் அவர் நல்லவர், கோபக்காரர், வேட்டியை மடித்துக் கட்டமாட்டார் என்றுதான் பதில் வரும். கேள்வியைச் சின்னதாக்குங்கள். செய்தியைத் தபாலில் போட்டாரா, தந்தி அடித்தாரா, ரயிலில் யாரிடமாவது கொடுத்துவிட்டாரா? காசு மாதா மாதம் வந்ததா? வீட்டுக்கு எந்தப் பேப்பர் இலவசமாக வந்தது? எந்த வெள்ளத்துக்கு, எந்தத் தேர்தலுக்கு ராத்திரி முழுக்க வெளியே நின்றார்? கடைசிக் கேள்வி மிக முக்கியம். “பெரிய சூறாவளி வந்தபோது ரெண்டு நாள் வீட்டுக்கே வரவில்லை” என்று மாமி ஒருவர் சொன்னால் உங்களுக்கு ஒரு தேதி கிடைத்துவிட்டது. மட்டக்களப்பு என்றால் அது 1978 நவம்பர் 23. மன்னார்ப் பக்கம் என்றால் பெரும்பாலும் தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர்ப் புயல்.

அப்புறம், யாழ்ப்பாணத்து வேர் உள்ள குடும்பம் என்றால் கல்வெட்டைத் தேடுங்கள். முப்பத்தோராம் நாள் கிரியைக்கு அச்சடித்துக் கொடுக்கும் நினைவு மலரைத்தான் சொல்கிறேன். பூசையறைத் தட்டிலோ, பெட்டியடியில் போட்ட பேப்பருக்குக் கீழேயோ கிடக்கும். புலம்பலும் தேவாரமும்தானே என்று புரட்டிவிட்டு வைத்துவிடாதீர்கள். வம்சாவளி, படித்த பள்ளிக்கூடம், மணம் முடித்த ஊர், வகித்த பதவிகள் எல்லாம் அதில் இருக்கும். முன்பக்கத்தில் திதி வெண்பா இருக்கும். அதில் ஆண்டு, மாதம், பட்சம், திதி நான்கும் வரும். இங்கே ஒரு சிக்கல். தமிழ் ஆண்டு சித்திரையில் மாறுவது. “விளம்பி வருடம் தை மாதம்” என்று இருந்தால், விளம்பி 1958 என்று எங்கோ பார்த்துவிட்டு 1958 ஜனவரியைத் தேடக் கூடாது. விளம்பியின் தை 1959 ஜனவரி நடுப்பகுதியில்தான் பிறக்கிறது. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும் என்பதையும் கவனியுங்கள்.

தேசிய அடையாள அட்டை 1972இல்தான் வந்தது. அதன் பிறகும் உயிரோடு இருந்தவர் என்றால், பழைய ஒன்பது இலக்க அட்டையே பிறந்த தேதியைச் சொல்லிவிடும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்கள் என்றால் அந்த மூன்றிலிருந்து 500ஐக் கழிக்க வேண்டும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்றே கணக்கு. ஆகவே 18075 என்று தொடங்கும் அட்டைக்காரர் 1918 மார்ச் 15இல் பிறந்தவர். சாதாரண ஆண்டுதானே என்று 28 நாள் கணக்குப் போட்டால் ஒரு நாள் பிசகும். ஆனால் அட்டை எடுக்கப் போன அன்று வாயால் சொன்ன தேதியாகவும் அது இருக்கலாம். பிறப்புப் பதிவோடு ஒத்துப் பார்க்காமல் முடிவு கட்டாதீர்கள்.

மூன்று பதிவுகள், அவற்றுள் எது முதலில்

பிறப்பு, விவாகம், இறப்பு மூன்றுக்கும் இலங்கையில் 1867 முதல் அரசாங்கப் பதிவு நடக்கிறது. எல்லாரும் பிறப்புப் பதிவிலிருந்து தொடங்கப் பார்ப்பார்கள். பத்திரிகைக்காரரைத் தேடும்போது இறப்புப் பதிவிலிருந்து தொடங்குவதே நல்லது என்பேன். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

பதிவின் பிரதியை அது நடந்த இடத்துக்குரிய பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்து எடுக்கலாம். பதிவாளர் நாயகத் திணைக்களத்தின் தலைமை அலுவலகம் பத்தரமுல்லையில் இருக்கிறது. பதிவு இலக்கமும் தேதியும் தெரிந்தால் வேலை சுலபம், கட்டணமும் குறைவு. தெரியாவிட்டால் குறிப்பிட்ட ஒரு காலத்துக்குள் தேடித் தரும்படி விண்ணப்பத்தில் கேட்க வேண்டும். அதற்குத்தான் வீட்டில் ஆண்டைச் சுருக்கிக்கொண்டு போகச் சொல்கிறேன்.

பதிவு நடப்பது வாழ்ந்த ஊரில் அல்ல, சம்பவம் நடந்த இடத்தில். இதில் தடுக்கி விழாதவர் குறைவு. பதுளையில் ஐம்பது வருடம் வாழ்ந்தவர் கடைசியில் வருத்தம் முற்றிக் கொழும்புப் பெரியாஸ்பத்திரியில் இறந்திருந்தால் அவருடைய இறப்பு கொழும்பில்தான் பதிவாகியிருக்கும். பதுளையில் எத்தனை முறை கேட்டாலும் “பதிவில்லை” என்றே பதில் வரும். அதேபோல் முதல் பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கத்தால் மூத்த பிள்ளையின் பிறப்பு அம்மாவின் ஊர்ப் பதிவாளரிடம் இருக்கும்.

இறப்புச் சான்றிதழில் என்ன பார்க்க வேண்டும்? தேதி முதலில். அடுத்து தொழில், காரணம், தகனம் அல்லது அடக்கம் செய்த இடம். அறிவித்தவரின் பெயரும் உறவும் அங்கேயே இருக்கும். அறிவித்தவர் மகனாகவோ மருமகனாகவோ இல்லாமல் வேறு ஆளாக இருந்தால் அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பொரளை கனத்தை மயானம் என்று இருந்தால் கொழும்பு மாநகர சபையின் மயானப் பதிவேட்டிலும் அவரைத் தேடலாம்.

விவாகப் பதிவில் இரு தரப்பின் வயது, தொழில், வதிவிடம், தகப்பன்மாரின் பெயர், அவர்களின் தொழில் எல்லாம் வரும். சாட்சிகளின் கையெழுத்தும் இருக்கும். சாட்சிகளை யாரும் பார்ப்பதில்லை. அச்சகத்து மனேஜரும் சக நிருபரும் பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியாரும் அங்கேதான் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். மணம் முடித்தவர் முஸ்லிம் என்றால் அது தனிப் பதிவு. கண்டியச் சட்டப்படி நடந்த சிங்கள விவாகமும் அப்படியே. கிறிஸ்தவர் என்றால் கோயில் பதிவேடுகளையும் பாருங்கள். கொட்டாஞ்சேனை சாந்த லூசியா, கொச்சிக்கடை அந்தோனியார் போன்ற இடங்களில் ஞானஸ்நான, விவாகப் பதிவுகள் இருக்கும். பங்குத்தந்தையிடம் நேரம் கேட்டுப் போவதே மரியாதை.

தொழில் என்ற கட்டத்தில் “பத்திரிகையாளர்” என்று இருக்கும் என எதிர்பார்க்காதீர்கள். ஊர் நிருபர் வேலை பெரும்பாலும் சோறு போடுகிற வேலை அல்ல. அவர் ஆசிரியராக இருப்பார், தபால் அதிபராக இருப்பார், தோட்டத்துக் கிளார்க்காக இருப்பார். என் அம்மப்பாவின் விவாகப் பதிவில் தொழில் “வியாபாரம்” என்று ஒரே சொல். மாத்தளையில் புத்தகக் கடை வைத்திருந்தார். காலை ரயிலில் வரும் பேப்பர்க் கட்டை எடுக்கும் ஏஜென்டும் அவர்தான். பேப்பருக்குச் செய்தி எழுதியவரும் அவர்தான். ஏஜென்டே நிருபராக இருந்தது பல ஊர்களில் நடந்த கதை. எனவே தொழில் கட்டத்தைப் பார்த்துவிட்டு “இவர் இல்லைப் போலிருக்கிறது” என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஆசிரியர் என்றால் கல்வித் திணைக்களப் பக்கம் ஒரு பைல் இருந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அது தேடலுக்கு இன்னொரு கதவு.

பழைய பதிவுகள் பல ஆங்கிலத்தில் இருக்கும். கொழும்பிலும் மலையகத்திலும் பிறகு வந்தவை பல சிங்களத்தில் இருக்கும். வாசிக்கத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வெறும் தேடலுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. காசை மிச்சம் பிடியுங்கள்.

ஆங்கில எழுத்தில் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கும் என்று நாலைந்து விதமாக முன்கூட்டியே எழுதிவைத்துக்கொண்டு போங்கள். கந்தசாமி கே எழுத்திலும் இருப்பார், சீ எழுத்திலும் இருப்பார். ஞானசுந்தரம் ஜீ எழுத்தில் ஒளிந்திருப்பார். வீரசிங்கம் டபிள்யூவில் கிடைப்பார். தம்பிராசாவைத் ‘டி’க்குக் கீழே தேடும்போது அடுத்த எழுத்து எச்சா, ஏயா என்று இரண்டையும் பாருங்கள். தகப்பன் பெயரை முதலெழுத்தாகப் போடும் நம் வழக்கம் சிங்கள, ஆங்கிலக் குமாஸ்தாக்களுக்குக் குழப்பம். சில இடத்தில் தகப்பன் பெயரே குடும்பப் பெயராக ஏறியிருக்கும்.

எந்தப் பத்திரிகை?

“பேப்பரில் இருந்தார்” என்பது மட்டும் தெரிந்தால், அவர் வாழ்ந்த ஆண்டுகளைப் பத்திரிகைகளின் ஆண்டுகளோடு பொருத்திப் பாருங்கள். 1920களில் கொழும்பில் எழுதினார் என்றால் கோ. நடேசய்யரின் தேசநேசன், தேசபக்தன் காலம். வீரகேசரி 1930 ஆகஸ்ட்டில் தொடங்கியது. தினகரன் 1932 மார்ச்சில் லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனத்திலிருந்து வந்தது. சுதந்திரன் 1947இல். தினபதியும் சிந்தாமணியும் 1966இல் எம். டி. குணசேன நிறுவனத்தார் தொடங்கியவை. 1940இல் மணம் முடித்தபோதே தினபதி நிருபர் என்று குடும்பத்தில் சொன்னால் ஏதோ ஒன்று பிசகு. பெரும்பாலும் அவர் ஒரு பத்திரிகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருப்பார், வீட்டார் கடைசிப் பெயரை மட்டும் நினைவில் வைத்திருப்பார்கள்.

இடைவெளிகளையும் தெரிந்து வைத்திருங்கள். 1973இல் லேக் ஹவுஸ் சட்டத்தின் மூலம் அரசின் பிடிக்குள் போனது. 1974இல் தினபதி நிறுவனத்தை அவசரகாலச் சட்டத்தின் கீழ் முத்திரையிட்டு மூடினார்கள். அந்த ஆண்டுகளில் தாத்தாவின் செய்தி திடீரென்று நின்றுபோனால் அவருக்கு உடம்பு சரியில்லை என்று நினைக்கத் தேவையில்லை. 1958 கலவரத்தின்போது பத்திரிகைத் தணிக்கை இருந்தது. சம்பவம் நடந்த ஊரில் இருந்தவர் எதுவும் எழுதவில்லைப் போலத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

யாழ்ப்பாணப் பத்திரிகைகளில் எழுதியவர் என்றால் கொழும்பு இன்னும் முக்கியமாகிறது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிந்தது. அங்கே இல்லாதது சட்டப்படி இங்கே அனுப்பிய பிரதியாகக் கிடைக்க வாய்ப்பு உண்டு.

சுவடிகள் திணைக்களத்தில்

கொழும்பு 7, ரீட் அவெனியூ என்று முன்பு சொன்ன பிலிப் குணவர்தன மாவத்தையில், ரோயல் கல்லூரிப் பக்கம், பழைய ஆவணங்களைக் காக்கும் தேசிய சுவடிகள் திணைக்களம் இருக்கிறது. அச்சாகும் எல்லாவற்றின் பிரதியும் அரசுக்குப் போக வேண்டும் என்பது 1885ஆம் ஆண்டு அச்சிடுவோர், வெளியிடுவோர் கட்டளைச் சட்டத்திலிருந்து வரும் ஏற்பாடு. பத்திரிகைகளுக்கு அதைவிடப் பழைய 1839ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் உண்டு. அதனால்தான் நாடு முழுவதிலிருந்தும் வந்த பத்திரிகைகள் இங்கே கட்டுக் கட்டாகச் சேர்ந்திருக்கின்றன. இங்கே இல்லாத இதழைத் தேசிய நூதனசாலை நூலகத்திலும் பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்திலும் கேட்டுப் பாருங்கள். கொழும்பு பொது நூலகத்தையும் விட்டுவிட வேண்டாம்.

அடையாள அட்டை கொண்டு போங்கள். வாசகராகப் பதிய வேண்டும், கட்டணம் உண்டு. பென்சிலும் கொப்பியும் போதும், பேனாவைப் பைக்குள்ளேயே வைத்துவிடுங்கள். படம் எடுக்கலாமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். மிக நைந்துபோன கட்டை வெளியே தரமாட்டார்கள், அதற்காகச் சண்டை பிடிப்பதில் பயனில்லை. ஒரு நாளில் எடுத்துத் தரும் கட்டுகளுக்கு அளவு இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, எது முதலில் வேண்டும் என்று பட்டியலோடு போங்கள்.

இனி இறப்புப் பதிவுக்கு வருகிறேன். பட்டியலில் முதலில் எழுத வேண்டிய தேதி அவர் இறந்த நாள்தான். உயிரோடு இருந்தவரை “எமது நிருபர்” என்று மட்டும் போட்ட பத்திரிகை, அவர் இறந்ததும் பெயரோடு போடும். இறந்ததற்கு மறுநாளிலிருந்து ஒரு வாரம் வரை எல்லாப் பக்கத்தையும் பாருங்கள். மரண அறிவித்தலில் உறவுமுறை முழுக்க வரும். யாருடைய மருமகன், யாருடைய சகலன் என்பது வரைக்கும் இருக்கும். அதைவிட முக்கியம், பத்திரிகையே தன் பங்குக்குப் போடும் செய்தி. என் அம்மப்பாவுக்கு வந்தது உள்பக்கத்தின் அடியில், ஒரு பற்பொடி விளம்பரத்துக்கு மேலே, சில வரிகள். எப்போது சேர்ந்தார், அதற்கு முன் எந்தப் பத்திரிகையில் இருந்தார், எந்த வாசிகசாலைக்குச் செயலாளராக இருந்தார் என்று அந்தச் சில வரிக்குள் மூன்று புதுக் கதவுகள் திறந்தன. வீட்டில் யாருக்கும் அந்த முந்திய பத்திரிகையின் பெயர்கூடத் தெரியாது. அதன் பிறகு முப்பத்தோராம் நாளையும் ஓராண்டு நினைவு நாளையும் பாருங்கள். ஊர்க்காரர்கள் நினைவுக் கூட்டம் வைத்திருந்தால் அதன் செய்தியை அனுப்பியவர் அவருக்குப் பின் வந்த நிருபர். இவர் இடத்துக்கு யார் வந்தார் என்பதும் அதிலிருந்து தெரியும்.

இரண்டாவது, குடும்பத்தில் நடந்த நல்லதுகளின் தேதிகள். நிருபரின் மகளுக்குக் கல்யாணம் என்றால் பத்திரிகையில் இரண்டு வரி நிச்சயம் வந்திருக்கும். அவரே எழுதி அனுப்பியிருப்பார், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிள்ளைகளின் விவாகப் பதிவுத் தேதிகளை எடுத்து வைத்திருந்தால் இது ஒரு மணி நேர வேலை.

மூன்றாவது, ஊரில் ஆண்டுதோறும் நடப்பது. மாத்தளை என்றால் முத்துமாரியம்மன் கோயில் மாசி மகத் தேர். மன்னார் என்றால் திருக்கேதீஸ்வரச் சிவராத்திரியும் ஆகஸ்ட் 15 மடுத் திருவிழாவும். ஊர் நிருபர் வேறு எதை விட்டாலும் இதை விடமாட்டார். ஒவ்வோர் ஆண்டும் அந்த ஒரு வாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டே போனால், அவர் எப்போது எழுதத் தொடங்கினார், எப்போது நிறுத்தினார் என்பது தெரிந்துவிடும். நடை மாறும். ஒருவர் “லட்சோபலட்சம் பக்தர்கள்” என்று எழுதுவார், அடுத்தவர் தலையை எண்ணி எழுதுவார். அப்புறம் தேர்தல்கள்: 1956 ஏப்ரல், 1960இல் மார்ச், ஜூலை என்று இரண்டு, 1965 மார்ச், 1970 மே, 1977 ஜூலை. தேர்தல் வாரத்தில் ஊர்ச் செய்திக்கு இடம் தாராளமாகக் கிடைக்கும், சிலவேளை நிருபரின் பெயரும் ஏறிவிடும்.

ஒரே ஊரில் இரண்டு பத்திரிகைக்கு இரண்டு நிருபர்கள் இருந்திருப்பார்கள். ஒரே பத்திரிகைக்கும் இரண்டு பேர் இருந்திருக்கலாம். “மாத்தளை நிருபர்” என்று கண்டதெல்லாம் உங்கள் தாத்தா எழுதியது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கொப்பியில் “உறுதி”, “இருக்கலாம்” என்று இரண்டு பகுதி வைத்துக்கொள்ளுங்கள். அதேபோல் பத்திரிகை நகரப் பதிப்பு, வெளியூர்ப் பதிப்பு என்று வந்த காலத்தில் கட்டில் இருப்பது எந்தப் பதிப்பு என்று கவனியுங்கள். ஊர்ச் செய்தி ஒரு பதிப்பில் மட்டும் வந்திருக்கக்கூடும்.

படம் எடுக்க அனுமதி கிடைத்தால், முதலில் பத்திரிகையின் பெயரும் தேதியும் தெரியும்படி தலைப்பை ஒரு படம், பிறகு முழுப் பக்கம் ஒன்று, கடைசியாகச் செய்தி மட்டும். இந்த மூன்றும் இல்லாத படம் ஆறு மாதத்தில் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் போனில் கிடக்கும்.

அச்சகக்காரர், இந்தியாவிலிருந்து வந்தவர்

சொந்தமாகப் பத்திரிகை நடத்தியவரைத் தேடுவது ஒரு விதத்தில் சுலபம். பத்திரிகையின் அச்சிடுபவரும் வெளியிடுபவரும் சட்டப்படி பிரகடனம் கொடுக்க வேண்டும். 1902க்குப் பிறகு அச்சு இயந்திரம் வைத்திருப்பவருக்கும் அந்தக் கடமை உண்டு. அந்தப் பதிவுகளைச் சுவடிகள் திணைக்களத்திலேயே கேளுங்கள். பத்திரிகையின் கடைசிப் பக்கத்து அடியில் “இப்பத்திரிகை இன்ன தெருவில் உள்ள இன்ன அச்சகத்தில் இன்னாரால் அச்சிட்டு வெளியிடப்பட்டது” என்று ஒரு வரி இருக்கும். ஆண்டுக்கு ஆண்டு அந்த ஒரு வரியை ஒப்பிட்டாலே விலாசம் மாறியது, பங்காளி விலகியது, மகன் பெயருக்கு மாறியது எல்லாம் வந்துவிடும். அச்சகம் இருந்த காணிக்கு உறுதி, அதாவது உரிமைப் பத்திரம், இருக்கும். உறுதி இலக்கமோ காணியின் பெயரோ தெரிந்தால் அந்த மாவட்டக் காணிப் பதிவகத்தில் தேடலாம். கடனுக்கு ஈடு வைத்தது, விற்றது எல்லாம் அங்கே வரிசையாக ஏறியிருக்கும். சின்னப் பத்திரிகைகள் எப்படி மூடின என்பதைக் காணிப் பதிவேட்டைவிட நன்றாகச் சொல்லும் புத்தகம் இல்லை. சொத்து விட்டு இறந்தவர் என்றால் அந்தச் சொத்தைப் பற்றி மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்கு இருந்திருக்கும். கொழும்பு வழக்குகளுக்குப் புதுக்கடை நீதிமன்றத்தில் கேளுங்கள்.

கொழும்புத் தமிழ்ப் பத்திரிகைகளில் தொடக்க காலத்தில் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர். வீரகேசரியைத் தொடங்கிய பெ. பெரி. சுப்பிரமணியம் செட்டியாரும் அங்கிருந்து வந்தவரே. உங்கள் ஆள் அப்படியானவர் என்றால் பிறப்புப் பதிவு இங்கே கிடைக்காது. அதற்குப் பதிலாகப் பிரஜாவுரிமைக் கடதாசிகள் இருக்கும். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு, 1949ஆம் ஆண்டு இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தவர்கள் இத்தனை ஆண்டு இங்கேயே இருந்தோம் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. வேலை செய்த இடம், குடியிருந்த வீடு, குடும்பத்தார் விபரம் எல்லாம் கொடுத்திருப்பார்கள். வீட்டில் பத்திரமாக வைத்திருக்கும் பிரஜாவுரிமைச் சான்றிதழில் உள்ள இலக்கமே தேடலுக்குத் தொடக்கம். பிரஜாவுரிமை கிடைக்காமல், 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்குத் திரும்பிப் போனவர்களும் உண்டு. அவர்களைத் தமிழ்நாட்டுப் பக்கம்தான் தேட வேண்டும்.

மிச்சம் உள்ளவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அலுவலகத்தில் சம்பளத்துக்கு இருந்தவர் என்றால் 1958ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு ஊழியர் சேமலாப நிதி இலக்கம் இருக்கும். அச்சான செய்தியின் அங்குலக் கணக்கில் காசு வாங்கிய ஊர் நிருபருக்கு அது இருக்காது. வாக்காளர் இடாப்பு வீட்டு இலக்க வரிசையில் இருப்பதால் யார் யார் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள் என்று காட்டும். ஊடக அடையாள அட்டை வழங்குவது அரசாங்கத் தகவல் திணைக்களம். பெர்குசன் இலங்கை டிரெக்டரியில் அச்சகங்களும் பத்திரிகைகளும் ஆண்டுவாரியாக உண்டு, ஆனால் ஊர் நிருபரை அதில் எதிர்பார்க்காதீர்கள். அரசு அலுவலகம் ஒன்று பதிலே தராமல் இழுத்தால் 2016ஆம் ஆண்டுத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். என் அனுபவத்தில் கவுண்டரில் மூன்று முறை கேட்பதைவிடத் தேதி போட்ட ஒரு கடிதம் வேகமாக நகரும்.

இணையத்தில் நூலகம் நிறுவனத்தின் தளத்தை எல்லாவற்றுக்கும் முன் ஒருமுறை துழாவுங்கள். 2005இலிருந்து ஈழத்துத் தமிழ் நூல்கள், இதழ்கள், பத்திரிகைகள், நினைவு மலர்கள் என்று ஏற்றி வருகிறார்கள், காசு கிடையாது. எல்லாப் பத்திரிகையும் எல்லா ஆண்டும் இருக்காது. ஆனாலும் நீங்கள் தேடுகிற ஊர்ப் பள்ளிக்கூடத்தின் வெள்ளிவிழா மலரோ கோயில் கும்பாபிஷேக மலரோ அங்கே இருந்தால், மலர்க்குழுப் பட்டியலில் உங்கள் ஆள் நிற்பார். ஊரில் எழுதத் தெரிந்தவர் என்று பெயர் எடுத்தவரை விழாக் குழுக்கள் சும்மா விட்டதில்லை. வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்திலும் இப்படிப்பட்ட மலர்களைக் கேட்டுப் பார்க்கலாம்.

உங்கள் வீட்டுக் கல்வெட்டையும் தப்பிப் பிழைத்த கட்டிங்குகளையும் ஸ்கான் செய்து நூலகம் தளத்துக்குக் கொடுக்க நினைத்தால், உயிரோடு இருப்பவர்களின் விலாசம், அடையாள அட்டை இலக்கம் போன்றவற்றை மறைத்துவிட்டுக் கொடுங்கள். வெட்டிய துண்டில் தேதி இல்லை என்றால் பின்பக்கத்தையும் ஸ்கான் செய்யுங்கள். மறுபுறம் இருக்கும் சினிமா விளம்பரமும் சந்தை விலையும் எந்த மாதம் என்று கண்டுபிடிக்கப் போதும்.